இரண்டாவது ஓகே

“காலண்டர் ஆப்புக்கு ஓகே போட்ட ரெண்டு பேரும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவுல வரணும். தப்பு யார் மேலயோ, அவங்க வெளிய!”

பல் தேய்த்துக்கொண்டே கைப்பேசியைப் பார்த்த பிரிண்டர் மெக்கானிக்குக்கு நுரை தொண்டைக்குள் போய்விட்டது. அனுப்பியவர் ஆப் ஸ்டோரின் தலைவர். நாள் காட்டுவதாகச் சொல்லி உள்ளே வந்த காலண்டர் ஒன்று, இறக்கியவர்களின் உற்றார் உறவினர் அத்தனை பேருக்கும் ‘பரிசு விழுந்திருக்கிறது, தொட்டுப் பார்’ என்று செய்தி விட்டுக்கொண்டிருந்ததாம்.

அது காசு வாங்காத ஸ்டோர். யார் வேண்டுமானாலும் ஆப் எழுதி ஏற்றலாம். விஷமம் நுழையாமல் பார்த்துக்கொள்ள நாற்பது தன்னார்வலர்கள். எந்த ஆப்பாக இருந்தாலும் இரண்டு பேர் சோதித்து ஓகே போட்டால்தான் வெளியே வரும்.

மெக்கானிக்குக்கு அந்த வேலை என்றால் உயிர். கடையில் அவரை ‘ஏம்ப்பா’ என்பார்கள். வீட்டில் ‘இங்க பாருங்க’. உலகத்தில் அந்த நாற்பது பேர் மட்டும்தான் ‘சார்’ என்றார்கள்.

சோதனைக்கு ஜோடி கிடைக்காமல் போன வருஷம் அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். கூடவே இருக்கும் மாமியார் பெயரில் ஒரு கணக்கு! மாமியார் விமான நிலையத்தில் முப்பது வருஷம் பயணிகளின் பெட்டியைக் குடைந்து ஓய்வுபெற்றவர். “அத்தை, டிங்னு சத்தம் வந்தா ஓகேயை அமுக்குங்க, போதும்” என்று சொல்லிவைத்தார். அவர் அமுக்காமல் விட்டதையெல்லாம் சனிக்கிழமை இவரே அந்தக் கணக்கில் புகுந்து மொத்தமாக அமுக்கிவிடுவார். பாவம், கண் அசந்திருப்பார் என்று நினைப்பு.

ஆக, காலண்டரின் இரண்டு ஓகேயும் இந்த ஒரே வீட்டுச் சரக்கு.

‘ரெண்டாவது ஆள் மாமியார்னு தெரிஞ்சா தொலைஞ்சோம்’ என்று பதறிப்போய், முதல் வேலையாக அந்தக் கணக்கையே அழித்தார். அழித்த கையோடு, மாமியார் ஓகே போட்டிருந்த நானூற்றுப் பன்னிரண்டு ஆப்களும் ஒரே ஓகேயோடு நின்றன. சட்டப்படி ஸ்டோர் அத்தனையையும் வெளியே தள்ளியது.

“ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்றாள் மனைவி.

“நானூறு ஆப்பைக் காணோம்.”

“சோபாவுக்கு அடியில பாத்தீங்களா?”

அவசரமாகக் கணக்கை மீட்டு, இரண்டு கணக்கிலிருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தார். ‘எல்லாவற்றிலும்’ குப்பைத்தொட்டியும் சேர்த்தி. மற்றவர்கள் மாதக்கணக்கில் பிடித்துப் போட்டிருந்த பத்தொன்பது திருட்டு ஆப்களும் குளித்து முழுகி முதல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

“பிரிண்டரைத் தவிர எதையும் தொடாதேன்னு உன் நெத்தியில எழுதி அனுப்பியிருக்கணும்டா” என்று தன்னையே திட்டிக்கொண்டவர், கடைசி அஸ்திரமாகக் குழுவில் எழுதினார்: “இரண்டாவது கணக்கை யாரோ திருடிவிட்டார்கள்!”

அவ்வளவுதான். ஸ்டோரையே இழுத்து மூடினார்கள். கணக்குக்காரரின் முகத்தை நாற்பது பேரும் பார்த்தாக வேண்டும் என்றார்கள்.

ஆறு மணிக்கு மாமியார் தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அத்தை, எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க.”

“தெரிஞ்சதை ஏன் மாப்ளே தெரியாதுன்னு சொல்லணும்?”

பதில் சொல்வதற்குள் திரையில் தலைவர் வந்துவிட்டார்.

“அம்மா, பழைய பதிவையெல்லாம் எடுத்துப் பாத்தோம். காலண்டரை நீங்க மூணு தடவை நிறுத்தி வெச்சிருக்கீங்க. ‘தேதி காட்டறவனுக்கு என் மக நம்பர் எதுக்கு’ன்னு குறிப்பு வேற.”

மெக்கானிக் வாயைப் பிளந்தார். அத்தை குறிப்பெல்லாம் எழுதுவாரா?

“ஆமா. மேல ஒண்ணு எழுதி உள்ள வேற வெச்சா, பெட்டியை விடமாட்டேன்.”

“அப்புறம் ஏன் சனிக்கிழமை ஓகே போட்டீங்க?”

“சனிக்கிழமை நான் தொடறதே இல்லையே. மாப்ளைதான் சுத்தம் பண்ணுவார்.”

நாற்பது முகங்களும் மெக்கானிக் பக்கம் திரும்பின. இனி மழுப்பிப் பயனில்லை.

“எல்லாம் நான்தான் சார். படிக்காமலே அமுக்கினதும் நான், அழிச்சதும் நான், திருடன்னு கதை கட்டினதும் நான். அத்தை மேல தப்பே இல்ல. என்னை நீக்கிடுங்க.”

தலைவர் மாமியாரிடம் பணிவாகச் சொன்னார்:

“அதை நீங்கதாம்மா முடிவு பண்ணணும். எப்பவும் உங்க ஓகேக்கு ஜோடியா வர்ற உங்க அசிஸ்டெண்டுங்கற மரியாதைக்குத்தானே நாங்க இவரை இத்தனை நாளா சார்னு கூப்பிட்டோம்!”