நாச்சியா கணக்குப் படிப்பித்த கதை

ஓய்வு பெற்ற அன்றே முடிவெடுத்துவிட்டேன். இனி ஒரு பிள்ளைக்கும் ஒரு கணக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அரசாங்கம் கேட்டாலும் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகம் கேட்டாலும் இல்லை. வேலைக் காலம் முழுக்க வெண்கட்டித் தூள் தின்றவன் நான். மிச்ச ஆயுளை நண்பகல் லுஹர் தொழுகைக்கும் பின்னேர அஸருக்கும் நடுவில் சாய்மனைக் கதிரையில் கழிப்பதாக நிய்யத்து.

கெடுத்தது பக்கத்து வீட்டு முஸ்பிறா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். மகள் ஸப்னா சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு முறை தவறியவள். இந்த முறையும் போனால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்ப்பதாக வாப்பா சொல்லிவிட்டாராம்.

"சேர் கொஞ்சம் சொல்லிக் குடுத்தா..."

"எனக்கு ஏலா."

"கிழமைக்கு ஒருக்கா..."

"வருசத்துக்கு ஒருக்காவும் ஏலா."

என் மனைவி நாச்சியா தேநீரோடு வந்தாள். "அழாத கா, முஸ்பிறா. கணக்கில முட்டை எடுத்த புள்ளைகள் எல்லாத்தையும் சேத்து வட்ஸ்அப்பில ஒரு குறூப் போடுவம். சூம்ல கிளாஸ். நான் படிப்பிக்கிறன்."

எனக்குப் புரையேறியது. "நீயா? எட்டாம் வகுப்போட நிண்டவள் நீ!"

"ஓம், நான்தான். நீங்க நித்திரையக் கொள்ளுங்க."

தடுத்திருக்கலாம். ஆனால் அது அவளுடைய சீதன வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்து வீடு மாறுவது மாப்பிள்ளைதான். பேரப்பிள்ளை கண்ட பிறகும் அந்த ஹோலில் நான் விருந்தாளி. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். தடுக்காமல் விடுவது! இரண்டு நாளில் இவள் பிழை அம்பலமாகும், குறூப் கலையும், ஊர் அமைதியாகும். நான் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு படுப்பது மட்டும்.

வகுப்பு சரியாக என் நித்திரை நேரத்தில். அப்போதுதான் இணையம் வேகமாம். என் கதிரைக்கும் தனக்கும் நடுவில் போனை ஒரு ஸ்டாண்டில் தன்னைப் பார்க்க நிறுத்தினாள். பிள்ளைகள் கேள்வியைக் குறூப்பில் போடுவார்கள். இவள் வாசித்து விடை சொல்வாள்.

"பம்பு வெச்சு இறைச்ச வயல். நூறு மூடை நெல் விளைஞ்சிரிக்கு. ஏழைகளுக்குக் குடுக்க வேண்டிய ஸகாத் எவ்வளவு? பத்து மூடை."

கண்ணை இறுக்கி மூடினேன்.

"நல்லா எழுதிக்கொள்ளுங்க புள்ளைகள். பத்து."

"அஞ்சு!" கதிரை கிறீச்சிட்டது. "மழையில சும்மா விளைஞ்சாத்தான் பத்தில ஒண்டு! காசு செலவழிச்சு இறைச்சதுக்கு இருபதில ஒண்டு! நூற்றுக்கு அஞ்சு வீதம்!"

"அப்பிடியா? எனக்கென்ன தெரியும். அந்த வீதம் எப்பிடி வந்த?"

சொன்னேன். சொல்லித் தொலைக்காமல் இருக்க முடியவில்லை. பிழையான கணக்கு எனக்குக் காலில் முள் மாதிரி.

அடுத்த நாள் காதில் பஞ்சு வைத்தேன். அவள் குரலை உயர்த்தினாள். "அரையும் மூண்டில ஒண்டும் கூட்டணும். மேலையும் கீழையும் கூட்டினாச் சரி. அஞ்சில ரெண்டு."

பஞ்சு பறந்தது. "அடி மடச்சி! அஞ்சில ரெண்டு அரையவிடக் குறைவு! பேக்கரியில வாங்கின அரைப் பாணோட இன்னும் பாண் சேத்தா, பாண் தேயுமா?"

"தேயாதா?"

"தேயாது! ஆறில அஞ்சு!"

இப்படியே போனது. குறூப் கலையவில்லை. நான்தான் கலைந்தேன். இரவில் அலுத்துப் படுப்பேன், பகலில் கத்துவேன். பகல் நித்திரை இல்லாத முகத்தோடு கல்முனை பஸாருக்குப் போனால், என் பழைய மாணவன் ஜவாத் கடையிலிருந்து இறங்கி ஓடி வந்தான்.

"சேர்ட கிளாஸ் அந்த மாதிரி, சூப்பர்! மருதமுனைப் புள்ளைகளும் சேந்திட்டாம். பாண்டிருப்பு டீச்சர் ஒராள் குறூப்பில கேள்வித்தாள் போடுறாவாம்."

"நான் கிளாஸ் எடுக்கல்ல."

"பொய் சொல்லாதீங்க சேர். எண்ட மகளும் இரிக்கா. எனக்கு ஏசின அதே ஏச்சு!"

வீட்டுக்குப் பறந்தேன். நாச்சியா போனை ஸ்டாண்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணுமெண்டே பிழையாச் சொன்னியா?"

"எங்கட நாவிதன்வெளி வயலுக்கு ஒவ்வொரு போகமும் ஸகாத் பிரிக்கிறது ஆரு? நீங்களா?"

அவள்தான். நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"என்னக் கேட்டிரிக்கலாமே?"

"முஸ்பிறா கேட்டாளே, என்ன சொன்ன நீங்க? கெஞ்சினா உங்களுக்கு ஏலா. பிழையாச் சொன்னா எழும்பி இரிக்கீங்க."

"இனி வாயத் திறக்க மாட்டன். அல்லாஹ்வுக்காக என்ன விடு."

"நல்லம். இண்டைக்கு முக்கோணம். மூண்டு கோணத்தையும் கூட்டினா இருநூறு பாகை."

"நூற்றி எண்பது!"

போனுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல். ஸப்னா. "சேர், அது ஏன் சேர் எப்பவும் நூற்றி எண்பதாவே வருது?"

இரண்டு முறை தவறிய பிள்ளை, ஏன் என்று கேட்கிறது. இதற்குப் பிறகு மனிதன் எப்படி நித்திரை கொள்வது? முழங்கால் முனக எழுந்தேன்.

"போனை எண்ட பக்கம் திருப்பு," என்றேன்.

"திருப்பத் தேவல்ல. அதுக்குப் பின்னாலயும் ஒரு கமரா இரிக்கு. முதல் நாள்ள இரிந்து உங்களத்தான் காட்டுது."

முதல் நாளிலிருந்தே நான் பெனியனில் இருந்தேன்.