டொரண்டோ வகுத்தல் எண்ணூறு

பொறாமை இல்லாத சகலை உலகத்தில் எங்காவது இருக்கலாம். என் வீட்டுக் கண்ணாடியில் நான் பார்த்ததில்லை.

என் மனைவி ஜெசிந்தாவின் தங்கை கணவர் சேவியர், டொரண்டோவில் இன்ஜினியர். நான் தஞ்சாவூரில் பிளஸ் டூ கணக்கு வாத்தியார். பூதலூரில் விவசாயம் பார்க்கும் எங்கள் மாமனார், அவரை ஊராரிடம் "டொரண்டோ மாப்பிள்ளை" என்பார். என்னை "இவர் இன்னொருத்தர்" என்பார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேவியர் பனிப் படங்களாகப் போட்டுத் தள்ள, நான் அதைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். (வயிற்றெரிச்சலுக்கு வேறு மருந்து கிடையாது.)

போன தை மாதம் அவர்கள் வருவதாகச் செய்தி வந்தது. செவ்வாய் இரவு எட்டு மணிக்கு அங்கே கிளம்புகிறார்கள். திருச்சிக்கு எப்போது வருவார்கள் என்று மாமனார் கேட்டார். தங்கச்சி குழுவில் டிக்கெட் அனுப்பியிருக்கிறாளே என்று ஜெசிந்தா எழுந்தாள். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார வைத்தேன். சேவியர் வீட்டு டிக்கெட்டைப் படித்தா நான் நேரம் தெரிந்துகொள்ள வேண்டும்?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரம் சொல்லும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தேன். பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். மணிக்கு எண்ணூறு வேகம் என்றால் பதினேழு மணி நேரம். "புதன்கிழமை மத்தியானம் ஒரு மணி, மாமா" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார்.

புதன்கிழமைதான் அவர் வயலுக்கு அறுப்பு மெஷின் முறை. அதைப் பக்கத்து வயல்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ரோஜா மாலையோடு வேனில் ஏறினார்.

ஒன்று அடித்தது, இரண்டு அடித்தது. திருச்சி விமான நிலைய வாசலில் நின்ற காவலரிடம் போய் விசாரித்தேன்.

"டொரண்டோலேர்ந்து இங்க நேரா ஃபிளைட்டே கிடையாதுங்க சார். எங்க மாறி வர்றாங்க?"

எனக்குப் பின்னால் ஜெசிந்தா டிக்கெட்டைத் திறந்துவிட்டிருந்தாள். வழியில் விமானம் மாற வேண்டும். அங்கேயே பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். வந்து சேர்வது வியாழக்கிழமை. போதாததற்கு, அங்கே இரவு எட்டு என்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை என்பதையே நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேவியர் அந்நேரம் அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தாலே அதிகம்.

மாமனார் மாலையை மெதுவாக வேன் சீட்டில் வைத்தார். "மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் சொல்லித்தர்றீங்களா?"

கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மறுநாள் வந்திறங்கிய சேவியர் விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கக்கூட இல்லை. "எனக்கும் முதல்ல இந்த நேரக் கணக்கு குழம்பும், அண்ணே" என்றார். அத்தோடு விட்டாரா? நான்கு நாள் கழித்து அறுப்பு மெஷின் திரும்பி வந்தபோது, பேன்ட்டை மடித்துக்கொண்டு வரப்பில் நின்று மூட்டை பிடித்தார். மனிதர் நல்லவராகவும் இருந்து தொலைத்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

தஞ்சாவூரிலிருந்து பூதலூர் ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. இன்றும் நான் ரயில் ஏறிவிட்டுப் போன் செய்தால் மாமனார் பொறுமையாகக் கேட்கிறார்:

"இன்னைக்கே வந்துடுவீங்களா, மாப்பிள்ளை?"