ஹீட்டரும் பதினோரு சுற்றும்

ஒப்புக்கொண்டு விடுகிறேன்: காரைப் பற்றி எனக்கிருந்த ஞானம் முழுக்க வீடியோ பார்த்து வந்தது. சித்தூரில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அதில் ஹீட்டர் இருப்பதே தெரியாது. (எங்கள் ஊர் வெயில் போதாதா, காருக்குள் வேறா?) எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் வினை.

எங்கள் பழைய காரில் ஏ.சி. போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மழைக்காலத்தில் கண்ணாடி உள்பக்கம் புகை படிந்த மாதிரி மூடிக்கொள்ளும். அதை விரட்ட ஹீட்டர்தான் கதி. அந்த ஹீட்டருக்கோ ஒரு குணம். வண்டி ஓடினால் சூடாக ஊதும். எங்கேயாவது நிறுத்தினால், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும், ஜில்லென்று ஊதும். "மெக்கானிக் கிட்ட காட்டிடு" என்றார் என் கணவர். அவர் சொல்லி நான் கேட்பதா? மூன்று நாள் வீடியோ பார்த்தேன். எல்லாரும் முதலில் சொன்னது ஒன்றுதான்: கூலன்ட் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். பானெட்டைத் திறந்தேன். ஒரு டப்பாவில் கழுத்து வரை தண்ணீர் இருந்தது. திருப்தியாக மூடிவிட்டேன். (அது வைப்பர் போடும்போது கண்ணாடியில் பீச்சுகிற தண்ணீர் என்பது பிற்பாடு தெரிந்தது.) கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். ஓடினால் சூடு, நின்றால் குளிர். ஆகவே நிற்கக் கூடாது.

இந்த விஞ்ஞானத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு கார்த்திகை மழையில் என் தங்கை கௌரியைத் திருப்பதிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அவளுக்கு எல்லையோரத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. நாலு வருஷம் மாய்ந்து மாய்ந்து படித்து லிஸ்டில் பெயர் வந்திருந்தது. பத்து மணிக்குள் அங்கே ஆபீஸில் சர்டிபிகேட் காட்டாவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"நான் பஸ்ஸுலயே போறேங்க்கா" என்றாள் பாவம்.

"மழையில நனைஞ்சிக்கினு போய் நிப்பியா? நான் எதுக்குடி இருக்கறேன்?"

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. நின்றோம். ஹீட்டர் குளிர ஆரம்பித்தது, கண்ணாடி மூடிக்கொண்டது. கேட் திறந்ததும் பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். எனக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை. பதற்றத்தில் கைக்குக் கிடைத்த காகிதத்தை எடுத்துக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தேன்.

"அக்கா! அது என் ஃபைலு!"

என் உயிர் ஒரு நிமிடம் நின்றுவிட்டது. ஒரிஜினலா, ஜெராக்ஸா? கௌரி ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். ஜெராக்ஸ் செட். கூழாகியிருந்தது.

ஒன்பதரைக்குத் திருப்பதிக்குள் ஒரு ரவுண்டானா. நடுவில் கருடன் சிலை, ஓரத்தில் ஜெராக்ஸ் கடை. கௌரி குடையில்லாமல் இறங்கி ஓடினாள். கடையில் கூட்டம். நான் நிற்கலாமா? நின்றால் கண்ணாடி மூடிக்கொள்ளும், மறுபடி எதையாவது துடைப்பேன். ஆகவே கருடனைச் சுற்ற ஆரம்பித்தேன்.

மூன்றாவது சுற்றில் மழைக்கோட்டுப் போட்ட டிராஃபிக் போலீஸ்காரர் கையைக் காட்டினார். கண்ணாடியை இறக்கினேனே தவிர வண்டியை நிறுத்தவில்லை.

"மொக்காம்மா?" என்று கூடவே நடந்தபடி கேட்டார். வேண்டுதலா என்கிறார். நான் தலையாட்டிவிட்டேன். "எந்நி சுட்லு?"

எத்தனை சுற்று என்று யாருக்குத் தெரியும்? "பதகொண்டு!" என்றேன். பதினொன்று.

மனுஷன் பக்திமான். குறுக்கே வந்த வண்டிகளை எல்லாம் எனக்காக நிறுத்தினார். அதோடு விட்டாரா, விரல் விட்டு எண்ணவும் ஆரம்பித்தார். ஐந்தாவது சுற்றில் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தால் என் பின்னால் ஒரு வேன், உள்ளே மலைக்குப் போகும் மஞ்சள் துணிக்காரர்கள். இந்த ஊரில் இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று அவர்களும் சுற்றுகிறார்கள்! ஏழாவது சுற்றில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. எட்டாவதில் ஹீட்டர் ஓட்டத்திலேயே குளிர்ந்தது. என் விஞ்ஞானம் அங்கேயே செத்தது. மணி ஒன்பது நாற்பது.

ஒன்பதாவது சுற்றில் கௌரி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நிறுத்துக்கா!"

"ஏறுடி!"

"ஓடற வண்டியில எப்படி ஏறுவேன்? நிறுத்து!"

நான் நிறுத்தவில்லை. வண்டியே நின்றது. பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி கருடனையே மறைத்துவிட்டது. போலீஸ்காரர் ஓடி வந்து, "இன்னும் ரெண்டு பாக்கி" என்றார் வருத்தமாக.

கௌரி என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது. நாலு வருஷப் படிப்பை நான் ஒரு ரவுண்டானாவில் சுற்றித் தீர்த்துவிட்டேன். மழையில் ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. நகர வழியில்லாமல் என் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது அந்த வேன் ஒன்றுதான்.

"எங்கம்மா போவணும்?" என்றார் வேன் டிரைவர், வேலூர் பக்கத்துத் தமிழில். சொன்னேன். "ஏத்தி வுடுங்க" என்று உள்ளேயிருந்து நாலு குரல் வந்தது. கௌரி ஏறினாள். நான் ரோட்டில் நனைந்துகொண்டு நின்றேன். பத்து அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது போன் வந்தது: "வரிசையில நின்னுட்டேங்க்கா." போலீஸ்காரர் முன்னாலேயே ஓவென்று அழுதேன்.

அன்று பிற்பகல் மெக்கானிக் வைப்பர் டப்பாவையும் காலியாகக் கிடந்த கூலன்ட் டப்பாவையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக் காட்டுவது போல.

வேனில் நடந்ததைக் கௌரி, வேலையில் சேர்ந்த பிறகுதான் சொன்னாள். "உங்க அக்காவுக்கு என்னம்மா வேண்டுதல்?" என்று அவர்கள் கேட்டார்களாம். "அவுங்களுக்கு நல்ல புத்தி வரணும்னு" என்றாளாம். வேன் மொத்தமும் எனக்காக மனமுருகி "கோவிந்தா!" போட்டதாம்.

இப்போது வீட்டில் நான் யாருக்காவது யோசனை சொல்ல வாயைத் திறந்தால் போதும். "எனக்கு வேலை கெடைச்சிடுச்சி, அக்கா வேண்டுதல்தான் இன்னும் பலிக்கல" என்பாள் கௌரி. உடனே மொத்தக் குடும்பமும் என் பக்கம் திரும்பி "கோவிந்தா!" என்கிறது. முதலில் குரல் கொடுப்பவர் என் கணவர்.