தகரப் பெட்டியிலிருந்து பேசிய வெர்ன்

அரங்குக்கு வந்திருந்தவர்கள்: விதவைகள் பதினேழு பேர். மனைவியை இழந்தவர்கள் ஆறு பேர். செத்த நாயிடம் மன்னிப்புக் கேட்க வந்த பல் மருத்துவர் ஒருவர். எல்லோருக்குமாக ஒரு தாம்பாளம் பச்சை ஜெல்லி. சந்தேகப்பட ஒரே ஒருத்தி, டெரேசா பிகே. பல்கலைக்கழக ஆய்வகத்தில் நரம்பு செல்களுக்குத் தீனி போடுவது அவள் வேலை.

சால்ட் லேக் சிட்டியில் அந்த வாரம் 'டாக்டர்' ஹோல்கம் பேச்சுதான். எதற்கு டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. இறந்தவரின் சீப்பில் சிக்கிய முடியிலிருந்து நரம்பு செல் வளர்ப்பாராம். அதை ஊசிமுனைகள் பதித்த சிப்பின்மேல் விடுவாராம். சிப் கேள்வியை மின்சாரமாக உள்ளே குத்தும். பதிலை மின்சாரமாக வெளியே இழுக்கும். ஒலிபெருக்கியில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. உயிரோடு இருந்தபோது ஓயாமல் பேசிய கணவர்களெல்லாம் செத்தபின் அளந்து பேசினார்கள்.

கணவர் வெர்னை இழந்த லோர்னா எழுந்தாள். மறுநாள் காலை அவளுக்கு இதய அறுவை சிகிச்சை.

"வெர்ன், ஆபரேஷன் பண்ணிக்கட்டுமா?"

டக். டக்.

"வேண்டாங்கறாரு, சகோதரி," என்றார் ஹோல்கம். "வாராவாரம் இங்க வந்து அவரோட பேசுங்க. இதயம் தானா தேறிடும்."

ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று சொல்ல லோர்னா போனை எடுத்தாள்.

டெரேசா மேடையேறி, சிப் இருந்த தகரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "பெட்டி ஜில்லுனு இருக்கே? உடம்புச் சூடு இல்லேன்னா செல்லு செத்துப்போகும், டாக்டரே."

பின்வரிசையில் ஒருவர் கத்தினார்: "எங்க வெர்ன் குளிர் தாங்குவாம்மா! ஜனவரியில ஏரிப் பனியைத் துளைச்சு மீன் பிடிச்சவன்!"

கூட்டம் தலையாட்டியது. விஞ்ஞானம் தோற்றது.

"சரி, உசிரு விஷயம். ஜெபம் பண்ணிட்டு இன்னொரு தடவை கேட்போமே," என்றாள் டெரேசா.

ஜெபம் என்றால் அந்த ஊரில் யார் மறுப்பார்? எல்லோரும் கைகட்டித் தலைகுனிந்து கண்மூடினார்கள். ஹோல்கம் மற்றவர்களைவிட இறுக்கமாக மூடினார். ஆமென் வந்தது. லோர்னா மறுபடி கேட்டாள்.

டக். டக்.

டெரேசா உள்ளங்கையை விரித்தாள். சிப் அதில் இருந்தது. "வெர்ன் என் கையில இருக்காரு. பெட்டிக்குள்ள யாரு?"

மேசை விரிப்பைத் தூக்கினாள். காலணி கழற்றிய ஹோல்கமின் வலது கால், ஒலிபெருக்கிக்குக் கம்பி போன ஒரு மிதிகட்டையின்மேல் இருந்தது.

ஒற்றைக் காலணியோடு ஓடியவரைப் பாதிக் கூட்டம் துரத்தியது. லோர்னா போனைப் பைக்குள் போட்டாள். "நாளைக்கு ஆறு மணிக்கு என்னை யாரு கூட்டிட்டுப் போவீங்க?"

"நான் வரேன்," என்றாள் டெரேசா.

டெரேசா அரங்கைப் பூட்டும்போது ஒருவர் மட்டும் வாசலில் தயங்கி நின்றார். "அவன் திருடன்தான், ஒத்துக்கறேன். ஆனா சிப்பு இப்ப உங்ககிட்ட இருக்கே... எங்கப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி?"

"உங்க மண்டைக்குள்ள எட்டாயிரம் கோடி செல்லு உசிரோட இருக்கு, ஐயா. அதுல ஒண்ணைக் கேளுங்க முதல்ல."

அவரை வெளியே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினாள்.