அளப்பதற்கு முன் போட்ட பாட்டு

அன்றைக்கு மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் சூசை. அவருடைய ஜோடி லூர்து. எதிர்த்து ஆடிய கபிரியேல், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். கபிரியேலின் ஜோடி, அவருடைய மச்சான். அன்று முழுக்க வாயே திறக்கவில்லை, அதனால் பேர் தேவையில்லை. நடுவர், கழுத்தில் விசில், கையில் டேப், யாரையும் ‘முசியே’ என்று பிரெஞ்சில் ஐயா போட்டுக் கூப்பிடுகிறவர். கிளப் தலைவர், வெள்ளைப் பேண்ட். என் மனைவி ஸ்டெல்லா, போனோடு. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு நூறு பேர். பூவரச மரத்தில் ஒரு காக்கை. மரத்துக்குக் கீழே மேஜை, மேஜைமேல் ஆம்ப்ளிஃபயர், அதற்குப் பின்னால் நான்.

இதில் தப்புப் பண்ணியது ஒரே ஆள். காக்கை இல்லை.

நான் மைக் செட் போடுகிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. பேச்சும் குறைவு. (மைக் வைத்திருக்கிறவன் பேசக் கூடாது. மற்றவர்கள் பேசத்தான் மைக்.) இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, மாதா கோவில் தேர், கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் போட்டாயிற்று. ஒரு வீட்டுப் பாட்டை இன்னொரு வீட்டில் மாற்றிப் போட்டதில்லை. அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது. இப்போது இல்லை.

எங்கள் ஊரில் பெத்தாங் என்று ஒரு ஆட்டம் உண்டு. பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போனது. சின்ன மர உருண்டை ஒன்றை முதலில் எறிவார்கள். பிறகு ஆளுக்கு மூன்று இரும்புக் குண்டு. யார் குண்டு உருண்டைக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. முதலில் பதிமூன்று எடுத்தவர் ஜெயித்தவர். தூரத்தில் இருந்து பார்த்தால், ரிட்டயர் ஆனவர்கள் நாலு பேர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போலத் தெரியும்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால் நடுவர் டேப் வைத்து அளப்பார். அளந்து முடிக்கும் வரை யாரும் குண்டைத் தொடக் கூடாது. எடுத்துவிட்டால் அந்தக் குண்டு செத்த குண்டு. கணக்கில் வராது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மாமனார் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடிய பிறகு அவருக்கு இருந்தது இந்த ஆட்டம்தான். முப்பது வருஷமாக ஆடுகிறார். நாலு முறை ஃபைனலுக்கு வந்தார். நாலு முறையும் தோற்றார். குந்தி உட்கார்ந்து குண்டு விடுகிறவர். நின்றபடி விட்டால் குண்டு அவர் சொன்ன பேச்சைக் கேட்காது. அந்த வருஷம் முட்டி போய்விட்டது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஆபரேஷன், அதற்கப்புறம் வாழ்நாளுக்கும் குந்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஐந்தாவது ஃபைனல்தான் கடைசி. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. ஸ்டெல்லா லாஸ்பேட்டையில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். மைக் செட் காரனுக்கு அவளைக் கொடுக்க மாமனாருக்கு இஷ்டமில்லை. கொடுத்துவிட்டார். ஆனால் பதினாலு வருஷத்தில் ஒரு முறைகூட என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. ‘மைக் செட்டு’ என்பார். ‘மைக் செட்டு சாப்டுச்சா?’ என்று மகளிடம் கேட்பார். கரண்ட் பில் கட்டியாச்சா என்பது போல.

அவர் கோப்பையைத் தூக்கும்போது பாட்டுப் போடுவது நானாக இருந்தால், மாப்பிள்ளை என்று ஒரு தடவையாவது வரும் என்று நினைத்தேன்.

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது ஒரு இங்கிலீஷ் பாட்டு. என்னைவிட வயது அதிகம். கிளப் தலைவரின் தம்பி பாரீசில் இருந்து பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். ‘ஒலகம் பூரா கோப்ப ஜெயிச்சா இததாம்பா போடறாங்க, ஃபுட்பாலுக்குக் கூட’ என்றார். போட்டுப் பார்த்தேன். பியானோ மட்டும் வந்தது. ஒருவன் மெதுவாக, தனியாக, பட்ட கஷ்டத்தையெல்லாம் பங்குச் சாமியாரிடம் சொல்கிற மாதிரி பாடினான். தப்பான பாட்டைக் கொடுத்துவிட்டார், இது அடக்கத்துக்குப் போடுவது என்று நினைத்தேன். பிறகு அது எழும்பியது. கிதார் வந்தது. ஒருவன் பாடியது ஊரே பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மயிர் சிலிர்த்தது.

அது முதல் எல்லா ஃபைனலுக்கும் அதுதான். பாட்டு வந்தால் ஆட்டம் முடிந்தது என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. பாட்டு எழும்புகிற இடத்தில் நூறு பேரும் கையைத் தூக்கி ஆட்டுவார்கள்.

ஒரே சிக்கல், எழும்ப முப்பத்தைந்து விநாடி ஆகும். முந்தைய வருஷம் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

‘ஏம்பா, கோப்பைய குடுத்து, போட்டோ புடிச்சி, ஜெயிச்சவன் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான். அப்பத்தான் ஒன் பாட்டு எழும்புது. வண்டிக்கா போட்ட நீ?’

‘இல்லீங்க.’

‘அடுத்த வருசம் டைமிங் கரெக்டா இருக்கணும்.’

‘சரிங்க.’

வீட்டில் கடிகாரம் வைத்துப் பழகினேன். முப்பத்தைந்து விநாடி முன்னால் போட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். வருஷம் முழுக்க அந்த முப்பத்தைந்து விநாடிதான் தலைக்குள் இருந்தது. வேறு எதற்கும் இடமில்லாமல் போய்விட்டது.

ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். என் மேஜைக்குப் பக்கத்தில் புள்ளிப் பலகை. ஆணியில் எண் எழுதிய தகரங்களை மாட்டுவார்கள். எல்லா எண்ணும் இரண்டிரண்டு இருக்கும். பதிமூன்று மட்டும் ஒன்றுதான். இரண்டு பேர் ஜெயிக்க முடியாதே.

ஐந்து மணிக்கு மாமனார் பக்கம் பன்னிரண்டு. கபிரியேல் பக்கம் பதினொன்று.

கடைசிச் சுற்று. எல்லோரும் விட்டாயிற்று. மாமனார் கையில் ஒரு குண்டு மிச்சம். கபிரியேலின் குண்டுகள் இரண்டு, மர உருண்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காவல் நின்றன. மாமனார் குந்தினார். முட்டி சொடுக்கியது என் மேஜைவரை கேட்டது. குண்டை விட்டார். அது அவசரப்படாமல் உருண்டு, இரண்டுக்கும் நடுவில் புகுந்து, உருண்டைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

கூட்டம் எழுந்துவிட்டது. கபிரியேல் வந்து குனிந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

‘அளக்கணும்’ என்றார்.

நடுவர் டேப்போடு வந்தார். மாமனார் திரும்பி நடந்து போய் மதிற்சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அது அவர் வழக்கம். அளப்பதை எப்போதும் பார்க்க மாட்டார். பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டு ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். யாராவது வந்து தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும்.

குண்டுகள் கிடந்த இடம் என் மேஜையில் இருந்து முப்பது அடி. மாமனாரின் குண்டுதான் கிட்டத்தில் இருந்தது. சத்தியமாக. நடுவர் மண்டியிட்டார். டேப்பை வைத்தார். தலையை ஆட்டினார், ஆமாம் என்பது போல.

(பிற்பாடு கேட்டேன். டேப் துருப்பிடித்து மாட்டிக்கொண்டதாம். பிடித்து ஆட்டி இழுத்திருக்கிறார். கூடவே தலையும் ஆடியிருக்கிறது.)

முப்பத்தைந்து விநாடி. இப்போது போட்டால் கரெக்டாக இருக்கும்.

போட்டேன்.

பியானோ கேட்டது. முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு பத்துப் பேர். ஸ்டெல்லா போனில் கத்தினாள். ‘அம்மா! அப்பா ஜெயிச்சிட்டாரு!’

சுவரைப் பார்த்து நின்றவர் திரும்பினார். அவர் தோளை யாரும் தொடவில்லை. பாட்டு தொட்டுவிட்டது. மாமனார் சிரித்தார். பதினாலு வருஷத்தில் நான் பார்த்த சிரிப்பு அது ஒன்றுதான். பல் வரிசையாக இருந்தது. முட்டியை மறந்து ஓடிவந்தார். நேராகக் குண்டுக்குப் போனார். எடுத்தார். முத்தம் கொடுத்தார்.

நடுவர் மண்டியிட்டபடியே இருந்தார், கையில் டேப்.

‘முசியே சூசை! வையுங்க! இன்னும் அளக்கல!’

மாமனார் கையில் இருந்த குண்டைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த விநாடியில் பாட்டு எழும்பியது. டைமிங் அவ்வளவு கரெக்ட். நூறு பேரும் கையைத் தூக்கி ஆட்டினார்கள். நான் நிறுத்தப் போனேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம். விரல் சத்தம் கூட்டும் குமிழில் விழுந்தது. காக்கை பறந்துவிட்டது.

கடைசியில் வயரைப் பிடுங்கினேன்.

லூர்து நடுவரிடம் சண்டைக்குப் போனார். ‘பாட்டு போட்டாங்களே முசியே! பாட்டு போட்டா முடிஞ்சிச்சின்னுதானே? எத்தினி வருசமா அப்பிடித்தானே நடக்குது?’

‘ஆட்டத்த முடிக்கறவன் நானு. மைக் செட்டு இல்ல.’

‘அப்ப அவன் யாரக் கேட்டுப் போட்டான்?’

‘அவன கேளு.’

லூர்து என் பக்கம் திரும்பினார். ‘ஏண்டா, ஒன் மாமனாருதானடா? வேத்தாளா?’

நான் பிடுங்கிய வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கபிரியேல்தான் மாமனாரிடம் போனார். ‘சூசை, மண்ணுல தடம் இருக்குது பாரு. அதே எடத்துல வெச்சிடு. அளந்து பாத்துக்கலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.’

‘வேணாம் கபிரியேல்.’

‘ஏம்பா? பாட்டுப் போட்டது அந்தப் பையன்தானே.’

‘எடுத்தது என் கை’ என்றார் மாமனார். குண்டைப் பைக்குள் போட்டார்.

செத்த குண்டை விட்டுவிட்டு மற்றதை அளந்தார்கள். லூர்துவின் குண்டைவிடக் கபிரியேலின் இரண்டும் கிட்டத்தில் இருந்தன. இரண்டு புள்ளி. ஒரே ஒரு பதிமூன்றாம் நம்பர் தகரம் அந்தப் பக்கத்து ஆணிக்குப் போனது.

தலைவர் கை காட்டினார். ‘போடுப்பா பாட்ட.’

மறுபடி போட்டேன். மாமனார் நின்று கேட்டார். கபிரியேல் கோப்பையைத் தூக்கவும் பாட்டு எழும்பவும் சரியாக இருந்தது. தலைவர் வந்து முதுகில் தட்டினார். ‘இப்பத்தாம்பா கரெக்டா போட்டிருக்க’ என்றார்.

வீடு குருசுக்குப்பத்தில், இரண்டு தெரு தள்ளி. ஸ்டெல்லா போனில் சொன்னதைத் திருப்பி வாங்க மறந்துவிட்டாள். நான் ஸ்பீக்கர் பெட்டியோடு பின்னால் போனேன். வாசலில் தெருவே நின்றது. மாமியார் கையில் சம்பங்கி மாலை.

மாமனார் மாலையை வாங்கினார். ஒரு சுற்று எல்லோரையும் பார்த்தார். திரும்பி, என் ஸ்பீக்கர் பெட்டிமேல் போட்டார். கால் கழுவப் போய்விட்டார்.

மாமியார் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

‘யாரு ஜெயிச்சது?’

‘பாட்டு’ என்றேன்.

கறிக்குழம்பு வைத்திருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

‘மாமா, மன்னிச்சிக்குங்க.’

அவர் எலும்பை ஓரமாக வைத்தார்.

‘பாட்டு நல்லாத்தான் இருக்குது, மைக் செட்டு.’

இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார்.

‘இன்னிக்கித்தான் முழுசா கேட்டேன். எப்பவும் ஆரம்பிச்சதும் கெளம்பி வந்துருவேன். அவன் மெதுவா பாடறான் பாரு, அதுக்குள்ளயே மைதானத்து கேட்டத் தாண்டிருவேன். பின்னாடி எழும்பும்னு எனக்குத் தெரியாது.’

அதற்குமேல் அவர் இதைப் பற்றிப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் செரித்திருக்கும்.

ஒரு காலேஜ் பையனிடம் பாட்டுக்கு அர்த்தம் கேட்டேன். சொன்னான். தோற்றவர்களைப் பற்றியும் அதில் ஏதோ வருகிறதாம். அதை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வீட்டில் மற்றவர்கள் விடவில்லை. குக்கர் மூன்றாவது விசில் வருவதற்குள் ஸ்டெல்லா அடுப்பை அணைத்தால், ‘பாட்டுப் போட்டுட்டியாடி?’ என்பார் மாமியார். கணக்கில் நூறு வரும் என்று என் மகள் சொன்னால், ‘அளந்தாச்சா?’ என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்பார்கள். கொழுந்தியாளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சரி என்று போன் பண்ணினார்கள். ‘அளந்தாச்சான்னு கேளு’ என்றாள் அவள். லூர்து என்னைத் தெருவில் பார்த்தால் வாயாலேயே பியானோ வாசிப்பார். கிட்டே வந்ததும் சரியாக எழும்புவார். அவருக்கும் டைமிங் வந்துவிட்டது.

மாமனாருக்கு ஆபரேஷன் ஆயிற்று. குந்த முடியாது. ஃபைனல் அன்று என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார். இப்போது அளப்பதைப் பார்க்கிறார். நடுவர் டேப்பை எடுத்ததும் தன் கையை என் கைமேல் வைத்து அமுக்குகிறார். ‘இரு’ என்கிறார். அளந்து, விசில் ஊதி, எல்லோரும் குண்டைப் பொறுக்கிய பிறகுதான் கையை எடுக்கிறார். கனமான கை. பாட்டு லேட்டாகத்தான் எழும்புகிறது. தலைவர் திட்டுகிறார். திட்டட்டும்.

மாப்பிள்ளை என்று இன்னும் கூப்பிடவில்லை.

வீட்டில் மாதா படத்துக்குக் கீழே ஒரு தகரம் தொங்குகிறது. அன்று சாயந்திரம் அவர் பக்கத்து ஆணியில் இருந்து அவரே கழற்றி, குண்டுகளோடு பையில் போட்டுக் கொண்டுவந்தது. கிளப்பில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் அதை வீட்டு நம்பர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டு நம்பர் நாற்பத்தொன்று.

தகரத்தில் இருப்பது பன்னிரண்டு.