திருக்கைத் தோலும் ஜப்பான் வாளும்

தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை மிச்சம் பிடிக்கப் போய் நான் இடது காதில் பாதியை இழந்தேன். என் தங்கை இழந்தது அதைவிடப் பெரியது. இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். (எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் கோட்டையில் இருந்த துபாஷி. துரை பேசுவதைத் தமிழில் சொல்வதுதான் அவர் வேலை. அதனால் இதில் பிழை இருந்தால் பாதிப் பழி அவரைச் சேரும்.)

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நான் அவர்கள் கோட்டைக் கிடங்கில் திருக்கைத் தோல் பார்ப்பவனாக இருந்தேன். இப்படியும் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். இருந்தது. குப்பத்து ஆட்கள் திருக்கை மீனின் முதுகுத் தோலை உரித்துக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். நான் தடவிப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிப்பேன். நல்லது கப்பலேறி ஜப்பானுக்குப் போகும். அங்கே வாளின் கைப்பிடியில் அதைச் சுற்றுவார்கள். தோல் சொரசொரப்பாக இருப்பதால் கை வியர்த்தாலும் பிடி நழுவாதாம். கெட்டது என்னோடு வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டில் துடுப்பு தேய்ப்பதெல்லாம் அதில்தான்.

இதனால் குப்பத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ஜப்பான் வாளைப் பற்றி எல்லாம் அறிந்தவன் என்று. நான் அந்தப் பெயரைத் தேடிப் போகவில்லை. வந்ததை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. துரையின் இடுப்பில் தொங்கிய ஒரு வாளை மூன்று முறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், மூன்று முறையும் அது உறைக்குள் இருந்தது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, வலை பின்னுகிற இடத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஜப்பான்காரன் இரும்பை எத்தனை முறை மடித்து அடிப்பான் என்றெல்லாம் விளக்குவேன். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். நாளாக ஆக எனக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. எங்கள் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஏரி சுண்டி, உப்பேறி, இருந்த மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. கையால் இறால் தடவுகிறவர்கள் நாளெல்லாம் சேற்றில் தடவி நாலு நண்டோடு திரும்பினார்கள். பிறகு அதுவும் இல்லை. காட்டூர் வயல்கள் வெடித்துக் கிடந்தன. கோட்டை வாசலில் ஜனங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்பதற்கு வரிசையில் நின்றார்கள். வாங்கிக் கப்பலேற்றத் தரகர்கள் இருந்தார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் என் முட்டாள்தனம் நடந்தது இதற்கு நடுவில்தான், அதனால் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.

என் தங்கை கங்கம்மா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் புருஷன் எல்லப்பன் நல்ல உயரம், கடலில் அவனைப்போல் வலை வீசுகிறவன் இல்லை, பேச்சு மட்டும் குறைவு. அவனுக்கு ஒரே ஒரு கெட்ட குணம் உண்டு. நான் எது சொன்னாலும் நம்புவான்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டைக்குக் காவல் ஆட்கள் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. அரிசிக் கிடங்கைக் காக்க இன்னும் ஆள் தேவைப்பட்டது. (ஏன் தேவைப்பட்டது என்று உங்களுக்கே புரியும்.) சொந்த வாளோடு வர வேண்டும். துரை முன்னால் ஒரு வாழை மரத்தை வெட்டிக் காட்ட வேண்டும். தேறினால் வீட்டுக்குத் தினமும் அரிசி. துரைக்கு ஜப்பான் வாள் என்றால் பைத்தியம், அந்த மாதிரி வாளோடு வருகிறவனை அவர் திருப்பி அனுப்ப மாட்டார் என்று துபாஷி என் காதோடு சொன்னார். (அப்போது அந்தக் காது முழுதாக இருந்தது.)

நிஜ ஜப்பான் வாளுக்கு எல்லப்பன் எங்கே போவான்? ஆனால் காட்டூரில் ஒரு கொல்லர் அதே மாதிரி வளைவு, அதே மாதிரி பிடி வைத்து மலிவாகச் செய்து தருவதாகக் கேள்வி. அவருக்கும் ஏர்க்கொழு அடிக்க ஆள் வராத காலம், பிழைக்க வேண்டுமே. எல்லப்பன் தன் வலையைச் சுண்ணாம்புக்குளத்துக்காரர் ஒருவருக்கு விற்றான். மீனவன் வலையை விற்றால் அவன் கையில் வேறெதுவும் மிஞ்சுவதில்லை. விற்றுவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"மச்சான், எனுக்கு இரும்பப் பத்தி இன்னா தெரியும்? நீ பாத்து நல்லாக்கீதுன்னு ஒரு வார்த்த சொல்லு, வாங்கிக்கிறேன்" என்றான்.

எனக்கும் தெரியாதப்பா என்று சொல்ல வேண்டிய நொடி அதுதான். நான் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கிளம்பு என்றேன்.

கொல்லர் வாளைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். பிரித்ததும் எல்லப்பன் கண் அகலத் திறந்தது. எனக்கும்தான். ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை. நிபுணர்கள் எதற்கும் ஆச்சரியப்படக் கூடாது. வாளைக் கையில் வாங்கினேன். அலகைப் பார்க்க வேண்டும் என்பது புரிந்தது. அலகில் எதைப் பார்ப்பது என்பதுதான் புரியவில்லை. அந்தக் குழப்பத்தில் என் விரல்கள் தாமாகக் கைப்பிடிக்குப் போய்விட்டன. அங்கே சுற்றியிருந்தது திருக்கைத் தோல்.

ஐயா, அந்தத் தோலைப் பற்றி நான் இன்னும் நாலு பக்கம் எழுதுவேன். சரியான முதிர்ந்த திருக்கை. முதுகின் நடுப்பகுதி. பெரிய மணிகள் மூன்று வரிசை தவறாமல் நடுவில் உட்கார்ந்திருந்தன. நிழலில் காயவைத்தது, ஒரு சுருக்கம் இல்லை. முகர்ந்து பார்த்தேன், நாக்கு நுனியால் தொட்டும் பார்த்தேன். கிடங்குக்கு வந்திருந்தால் நேராக முதல் தரக் கட்டில் சேர்த்திருப்பேன். இத்தனை நல்ல தோலைக் கட்டுகிறவன் மட்டமான இரும்பிலா கட்டுவான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சத்தமாகச் சொல்லியும் விட்டேன்.

கொல்லர் சாக்கை மடித்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "இரும்பப் பாக்கலியா?" என்று கேட்டார்.

பார்க்கிறேன் பேர்வழி என்று அலகை வெயிலில் பிடித்தேன். வெட்டும் ஓரத்தில் அலை அலையாக ஒரு கோடு தெரிந்தது. ஜப்பான் வாளில் அப்படி ஒரு கோடு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். தலையை ஆட்டினேன். எல்லப்பன் ஒரு முறை வீசிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். முனை மழுங்கிப்போகும் என்று தடுத்துவிட்டேன். காற்றை வெட்டினால் முனை எப்படி மழுங்கும் என்று அவன் கேட்கவில்லை. என்னை நம்புகிறவன் என்றுதான் முன்பே சொன்னேனே.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட எல்லப்பன் தப்பித்திருக்கலாம். மறுநாள் காலை கோட்டைக்குப் போகும் வழியில் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. திருக்கைத் தோலைத் துரைமார் முன் வைப்பதற்கு முன்னால் நாங்கள் எப்போதும் ஒன்று செய்வோம். உப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, பொடி மணலால் தேய்ப்போம். மணிகள் முத்து மாதிரி பளிச்சென்று எழும். அதையே செய்தேன். ஏரிக் கரையில் குந்தி, வாளைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடி முழுதும் தண்ணீரில் மூழ்க நெடுநேரம் ஊறவைத்தேன். எல்லப்பன் அலகு நனையாமல் தன் வேட்டி நுனியால் பிடித்துக்கொண்டான். மணிகள் எழுந்தன. இருவருக்கும் அத்தனை சந்தோஷம்.

கோட்டை முற்றத்தில் துரை நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் துபாஷி. கப்பலுக்குப் போகக் கட்டி வைத்த திருக்கைத் தோல் கட்டு ஒன்று சுவரோரம் இருந்தது. நான் பார்த்துத் தேர்ந்தெடுத்த முதல் தரம். அதன் அருகில் பெருமையாக நான் நின்றேன். திறந்திருந்த வாசலுக்கு வெளியே பெண்கள் காத்திருந்தார்கள். கங்கம்மா முன் வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லப்பன் வாளோடு முன்னால் வந்ததும் துரை நாற்காலியில் நிமிர்ந்தார். கைப்பிடியைக் கண்டதும் ஏதோ சொன்னார். அழகான தோல் என்கிறார் என்று துபாஷி மொழிபெயர்த்தார். நான் கங்கம்மாவைத் திரும்பிப் பார்த்து, முடிந்தது என்பதுபோல் தலையசைத்தேன்.

எல்லப்பன் இரண்டு கையாலும் பிடித்து, வலை வீசுகிறவனின் முழு பலத்தோடு ஓங்கி வீசினான். வாழை மரம் அசையவில்லை. என் காதருகே ஏதோ விர்ரென்று போனது. பிறகு கழுத்தில் சூடாக வழிந்தது. திரும்பினால் அலகு மட்டும் தனியாக, என் தோல் கட்டைத் துளைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

எல்லப்பன் வீசி முடித்த நிலையில் அப்படியே நின்றான். வலது கால் முன்னால். இரண்டு கையிலும் வெறும் கைப்பிடி. முகம் வானத்தைப் பார்த்தபடி, மேலே போன பறவை எங்கே உட்காரும் என்று தேடுகிறவனைப்போல.

"மச்சான், அது எங்க?" என்றான்.

முற்றம் முழுக்கச் சிரித்தது. துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாசலில் பசியோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் ரத்தம் வழிய, நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் ஜனங்கள் அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்து நான் அந்த வருஷத்தில் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சிரிப்பு அடங்கியதும் ஆயுதக் கிடங்கைப் பார்ப்பவர் அலகைப் பிடுங்கி எடுத்துவந்து, துபாஷி மூலம் எனக்கு விளக்கினார். இந்த வகை வாளில் கைப்பிடியின் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி இருக்கும், வாங்குகிறவன் முதலில் அதைத் தட்டிக் கழற்றிப் பிடியை உருவிப் பார்க்க வேண்டும். அலகின் வால் பிடிக்குள் முக்கால் பங்காவது இறங்கியிருக்க வேண்டும். இதில் இரண்டு விரல் நீளம்தான் இருந்தது. ஆணியே இல்லை. அந்த அலைக்கோடு நெருப்பில் பதம் வைத்ததால் தானாக வர வேண்டும். இது புளியைத் தடவி அரித்து வரைந்தது. அவர் சொன்ன எதையும் நான் செய்திருக்கவில்லை. அவர் சொல்லாத ஒன்றைச் செய்திருந்தேன், நக்கிப் பார்த்தேன்.

எல்லப்பனுக்குக் காவல் வேலை இல்லை. எனக்கும் கிடங்கு வேலை போயிற்று, முதல் தரக் கட்டு ஓட்டையாகிவிட்டது அல்லவா. நான் துபாஷியின் காலைப் பிடித்தேன். அவர் யோசித்து, மூன்று நாளில் கிழக்கே போகும் கப்பலுக்குக் கூலியாட்கள் எடுக்கிறார்கள், போகிறவன் வீட்டுக்கு மூன்று மாத அரிசி முன்கூட்டியே கிடைக்கும் என்றார். நான் போகிறேன் என்றேன். காதிலிருந்து வழிவதைப் பார்த்துவிட்டு என்னை வேண்டாம் என்றார்கள். எல்லப்பனைப் பல்லைப் பிடித்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

போகும்போது அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "தோலு நல்லாத்தான் மச்சான் இருந்துச்சி" என்றான். என்னைத் தேற்றுகிறானாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் சண்டை போடுவதற்காகக் காட்டூர் போனேன். கொல்லர் தன் பட்டறையில் கால் வீங்கிப் படுத்திருந்தார். உலையில் நெருப்பு இல்லை. வாலுக்கு இரும்பு போதவில்லை, புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டினேன், நனைக்காமல் இருந்தால் ஒரு வெட்டு தாங்கியிருக்கும் என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீ தோலப் பத்திதான கேட்ட? இரும்பப் பத்திக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன்" என்றார். திரும்பி நடந்தேன். பத்து நாளில் அவர் செத்துப்போனதாகச் சொன்னார்கள்.

அந்த மூன்று மாத அரிசியில்தான் கங்கம்மா பிழைத்தாள். பொன்னி பிறந்தாள். எங்கள் குப்பத்தில் அந்த வருஷம் பிறந்த குழந்தைகளில் தங்கியது அவள் ஒருத்திதான். எல்லப்பன் திரும்பி வரவில்லை. வந்த ஒவ்வொரு கப்பலிலும் போய் விசாரித்தேன். ஒருவன் சாவகத் தீவில் பார்த்தேன் என்றான். இன்னொருவன் கப்பல் அங்கே போய்ச் சேரவே இல்லை என்றான். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் வாங்கப் போனால் என்னை உடன் அழைப்பதில்லை. பொன்னிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது, "மாமாவ இட்டும்போகாதீங்க, தோலப் பாத்துட்டு வந்துடும்" என்று அவளே சொன்னாள். வீடே உருண்டு புரண்டு சிரித்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கங்கம்மா அந்தக் கதையை மறுபடி எடுத்தாள். வாள் பறந்தது வரை சொல்வாள். அதோடு நிறுத்திவிடுவாள், ஒவ்வொரு முறையும். நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, அவரு எப்டி நின்னாருன்னு காட்டுண்ணா என்பாள்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் முன்னால் என் மானத்தை வாங்க வேண்டுமா என்று அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன். இவ்வளவு வருஷமாக இதைச் சொல்லிச் சிரிக்க உனக்கு எப்படி மனசு வருகிறது என்றும் கேட்டுவிட்டேன்.

கங்கம்மா கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள். "எனுக்கு அவரு மொகம் மறந்துபோச்சுண்ணா. குரலும் மறந்துபோச்சி. அவரு அங்க நின்னது ஒண்ணுதான் மனசுல கீது. நாளைக்கு அவ வேற வூட்டுக்குப் பூடுவா. அவுங்க நைனாவ ஒருவாட்டி பாத்துட்டுப் போவட்டும்" என்றாள்.

நான் போய்க் கூடத்தின் நடுவில் நின்றேன். வலது காலை முன்னால் வைத்தேன். இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, முகத்தை மேலே தூக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். பொன்னி மட்டும் சிரிக்காமல் எழுந்து என் அருகில் வந்து, தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் நிமிந்து நில்லு மாமா, நைனா ஒசரம்னு அம்மா சொல்லிக்கிது" என்றாள்.

முடிந்த மட்டும் நிமிர்ந்தேன்.