முதல் டீமின் செயலாளர்

மல்லாட்டை மூட்டை தேவசகாயத்தின் முதுகில் இருந்தபோதுதான் சிக்கந்தர் பாட்சா வந்து அந்தச் சேதியைச் சொன்னார்.

"தேவா, ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல உன்னால ஆட முடியாதாம்ப்பா."

தேவசகாயம் மூட்டையை இறக்கவில்லை. போட்டான். தையல் விட்டு, மண்டி வாசலில் பாதி மூட்டை வேர்க்கடலை உருண்டு ஓடியது. மற்ற லோடுமேன்கள் காலை ஒதுக்கிக்கொண்டார்கள்.

"எவன் சொன்னான்?"

"லீக் ஆபீஸ்ல. வளவனூர் டீம்காரன் கம்ப்ளெயின்ட் குடுத்துட்டான். உன்னை மொத மொத பதிவு பண்ணின டீமு உன்னை இன்னும் விடுவிக்கலியாம். அந்த டீம் செயலாளர் தடையில்லைன்னு எழுதிக் குடுத்தாத்தான் நீ நம்ம டீமுக்கு ஆடலாம். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம்."

"இன்னிக்கு வியாழக்கிழமை பாய்."

"அதுக்குத்தாம்ப்பா ஓடியாந்தேன்."

சிக்கந்தர் பாட்சா கோட்டக்குப்பத்துக்காரர். திண்டிவனத்தில் பாத்திரக்கடை வைத்துக்கொண்டு டீமையும் நடத்துகிறார். நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷன் கொண்டுவந்தாலும் கெட்ட சேதி கெட்ட சேதிதான்.

தேவசகாயத்துக்கு முப்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடத்தில் பதினோரு டீம். எல்லாம் இந்த ஜில்லாவுக்குள்தான். கால்பந்தில் அவன் ஆடுகிற இடம் நடுக்களம். கோல் போடுகிறவன் பெயர் நோட்டீசில் வரும், கோலைத் தடுக்கிறவனைத் தோளில் தூக்கி ஆடுவார்கள். நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாய் மாதிரி ஓடுகிறவனுக்கு முட்டிவலி மட்டும் வரும். பஸ் சார்ஜும் ஒரு பொட்டலம் பிரியாணியும் கொடுத்து இந்த ஊர்க்காரன் அழைத்துப் போவான், அந்த சீசன் முடிந்தால் அடுத்த ஊர்க்காரன். மூட்டைக்காவது மேலே மார்க்கு போட்டு, போய்ச் சேருகிற ஊரை எழுதுகிறார்கள்.

இத்தனை வருடத்தில் அவன் ஒரு ஃபைனல்கூட ஆடியதில்லை. ஒரு தடவை அரையிறுதி ஜெயித்த மறுநாளே புதுச்சேரியிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். இன்னொரு தடவை அந்த வாரம் பார்த்து அம்மா செத்துப்போனாள், அதற்கும் டீம்காரன் அவன்மேல்தான் கோபித்துக்கொண்டான். இந்த சீசனோடு முட்டி அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் இந்த ஃபைனலை விட்டால் வேறு ஃபைனல் கிடையாது.

அவன் பெண்டாட்டி செண்பகம், சேதி கேட்டதும் தைல பாட்டிலை எடுத்து நடுவீட்டில் வைத்தாள்.

"பத்தொன்பது வருஷமா இத்தத் தேய்ச்சது நானு. ஞாயித்துக்கிழமை என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் வராளுங்க, பிரிட்ஜு, பஸ்டாண்டுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டேன். நீ ஆடலன்னா மிச்ச தைலத்தை நீயே குடி."

"நான் இன்னாடி பண்ணேன்?"

"அதான் தெரியுதே. ஒண்ணும் பண்ணல."

முதல் டீம் எப்போதோ கலைந்துபோனது, கடைசியாக ஆடின டீம் எழுதிக் கொடுத்தால் போதாதா என்று தேவசகாயம் சட்டையை மாட்டிக்கொண்டு வளவனூருக்கு பஸ் ஏறினான். போன வருடம்வரை மூன்று வருடம் அந்த டீமுக்குத்தான் ஆடினான். டீமை நடத்துகிற தென்னரசு உரக்கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வா தேவா. டீ சாப்புடறியா?"

"கம்ப்ளெயின்ட் குடுத்துட்டு டீயா குடுக்கற? மூணு வருஷம் உனக்கு ஓடினேன். எனக்குத் தடையில்லைன்னு எழுதிக் குடு."

"நான் எப்படிப்பா எழுதறது? நீ எங்க ஆளே இல்லியே. கெஸ்ட் பிளேயரு."

"மூணு வருஷம் ஒருத்தன் வீட்டோட இருந்தா அவன் விருந்தாளியாடா?"

"மூணு வருஷமும் விருந்தாளிதான். உன்னைத் திருவாமாத்தூர் டீம்லேருந்து இல்ல கூட்டியாந்தோம்? அங்க கேளு." தென்னரசு டீயை உறிஞ்சினான். "கோச்சிக்காத. உன்னை நடுவுல உட்டா எங்களால ஜெயிக்க முடியாது. அதான் கம்ப்ளெயின்ட்டு. இது உனக்குப் பெருமைதானே?"

அந்தப் பெருமையைத் தேவசகாயத்தால் தாங்க முடியவில்லை. தென்னரசின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். டீ கொட்டியது. இரண்டு பொத்தான் தெறித்தது. உரக்கடை கேமராவில் எல்லாம் பதிவானது.

அவன் திண்டிவனம் வந்து சேர்வதற்குள் சிக்கந்தர் பாட்சாவின் போன் வந்துவிட்டது.

"இன்னா தேவா, பேஜாரு பண்ணிட்ட? ரெண்டாவது கம்ப்ளெயின்ட் குடுத்துட்டான். இப்ப தடையில்லாக் கடிதமும் வேணும், மன்னிப்புக் கடிதமும் வேணும்."

மறுநாள் காலை திருவாமாத்தூர். அங்கே டீமை நடத்துகிறவர் ஜவுளிக்கடை ஜகபர் சாதிக். தேவசகாயம் நல்ல வார்த்தையாகவே ஆரம்பித்தான்.

"பாய், நாலு வருஷம் உங்களுக்கு ஆடியிருக்கேன். ஒரே ஒரு லெட்டரு."

ஜகபர் சாதிக் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தேவா, நீயும் நானும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனா நீ எங்களுக்கு ஆடினதா எழுத்துல குடுத்தேன்னு வெச்சுக்க, பதிவில்லாத ஆளை ஆடவெச்சிட்டான்னு நீ அரையிறுதி வரைக்கும் ஆடின வருஷம் நாங்க வாங்கின ஷீல்டைப் புடுங்கிடுவாங்க. அதனால..."

"அதனால?"

"நீ எங்க டீம்ல ஆடவே இல்லன்னு எழுதித் தர்றேன்."

கல்லாவுக்கு மேலே டீமின் போட்டோ பெரிதாக மாட்டியிருந்தது. நடுவில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தேவசகாயம்.

"அப்ப அது யாரு பாய்?"

ஜகபர் சாதிக் நாற்காலி போட்டு ஏறி, தள்ளுபடி ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அந்த முகத்தின்மேல் ஒட்டினார். இறங்கி வந்து, சொன்னபடியே எழுதி, சீல் குத்தி, கடிதத்தை நீட்டினார். அவன் கிளம்பும்போது மறக்காமல் அதற்கு ஒரு காப்பியை லீக் ஆபீசுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். நாலு வருடம் ஒரே குத்தில் போனது.

கடை வாசலில் நின்று தேவசகாயம் லீக் பொறுப்பாளர் பெரியதம்பிக்குப் போன் போட்டான்.

"சார், நான் மொதல்ல ஆடினது முகையூர் காலனி டீமு. அது கலைஞ்சே பதினஞ்சு வருஷம் ஆவுது. செயலாளர் யாருன்னே எனக்குத் தெரியாது. பேராவது சொல்லுங்க, தேடிப் புடிக்கிறேன்."

"பிளேயர் லிஸ்ட்டுதான்யா கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கு. செயலாளர் பேரெல்லாம் பழைய ரிஜிஸ்டர்ல. அது பீரோல கீது, பீரோ துருப்பிடிச்சு மாட்டிக்கினு கீது. நாளைக்கு ஆளை வெச்சு உடைக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த ஆளை மாதிரி ஒரு செயலாளரை நான் பார்த்ததே இல்ல. பத்தொன்பது வருஷம், ஒரு மீட்டிங்குக்கு வரல. எத்தினி லெட்டரு போட்டிருப்பேன்! எல்லாம் ஆள் இல்லைன்னு திரும்பி வந்துட்டுது."

"பொறுப்பில்லாத நாயி."

"நான் சொல்லக்கூடாது. நீ சொன்னது சரி."

முகையூர் போய் இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. கல்யாணமான புதிதில் திண்டிவனத்துக்குப் பிழைக்கப் போனவன், அம்மா போனபிறகு இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பழைய டீமில் ஊரில் மிச்சமிருந்தவன் இனியவன் ஒருத்தன். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான்.

"டேய் இனியா, நம்ம டீம் செயலாளர் எவன்டா?"

"நம்ம டீமுக்கு செயலாளர் இருந்தாரா?"

"இருந்திருக்கான். பத்தொன்பது வருஷமா என் தலையில உக்காந்துக்கினு இருக்கான்."

இனியவன் யோசித்தான். "எல்லாம் நம்ம மாதா கோயில் வாத்தியார் பண்ணினதுதானே. அவர்தான் விழுப்புரம் போய் டீமைப் பதிஞ்சாரு. அவரும் போய்ச் சேந்துட்டாரு. யாரைப் போட்டாரோ. எனக்கு இன்னா தெரியும், ஒரு ஜெர்சி குடுத்தாரு, ஒரு கையெழுத்து வாங்கினாரு."

"என்கிட்ட ரெண்டு தடவை கைநாட்டு வாங்கினாரு. ஜெர்சிக்கு ஒண்ணு, பூட்ஸுக்கு ஒண்ணு."

"உனக்கு மட்டும் பூட்ஸ் குடுத்தாரா? பாத்தியா, எனக்குக் குடுக்கல!"

"என் காலு பெருசுன்னு சொல்லிக் குடுத்தாருடா. உடு அத்த. இப்ப இவனை எங்கபோய்த் தேடறது?"

மறுபடி பெரியதம்பிக்குப் போன். பெரியதம்பி விதிப் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "செயலாளர் காலமாயிட்டிருந்தா, பழைய மெம்பர் ரெண்டு பேரு அத்த எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும். அவரு அனுமதி தேவையில்ல. உயிரோட இருந்தா அவரேதான் எழுதித் தரணும்."

தேவசகாயம் போனை வைத்தான். இனியவன் அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனான்.

"வேணாம் தேவா. உயிரோட கீற மனுஷனை..."

"உயிரோட இருந்தா இன்னாடா? செத்தவனுக்கும் அவனுக்கும் இன்னா வித்தியாசம்? ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்துப் போட்டு உட்டிருந்தா நான் இப்பிடி ஊர் ஊரா நாயா அலைவனா? பேனா குடு."

"நாளைக்கு அந்த ஆளு வந்து கேட்டா?"

"வரட்டும். பத்தொன்பது வருஷமா வராதவன் அதுக்காவது வரட்டும்."

கடிதத்தை இனியவன் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன் என்றான். தேவசகாயம் விடவில்லை. முப்பத்திரண்டு வயதில், மண்டியில் லோடுமேன்களுக்குச் சங்கம் நடத்திய சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து. மூட்டை தூக்கிக் காய்த்த விரலுக்குள் பேனா நிற்காது, நழுவும். இருந்தாலும் அழுத்தி அழுத்தி எழுதினான். 'எங்கள் முகையூர் காலனி கால்பந்துக் கழகத்தின் செயலாளர் திரு' என்று எழுதி, பெயருக்கு ஒரு கோடு விட்டு, 'அவர்கள் காலமாகிவிட்டார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று முடித்தான். வருத்தத்துடன் என்ற வார்த்தையை எழுதும்போது தாள் கிழிந்தது. வேறு தாளில் மறுபடி எழுதினான். கீழே தேவசகாயம் என்று முழுப்பெயரையும் போட்டான். இனியவன் பக்கத்தில் போட்டான்.

ஒரு ஆளைக் கொன்ற களைப்பில் இரண்டு பேரும் சோடா குடித்தார்கள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு விழுப்புரம் லீக் ஆபீசில் பீரோவை உடைத்து முடித்திருந்தார்கள். பெரியதம்பி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"போய்ட்டாரா? அடப் பாவமே. நேத்துதான் திட்டினேன்."

"நானும்தான் திட்டினேன் சார்."

"எப்படிப் போனாரு?"

தேவசகாயம் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "திடீர்னு சார்."

"நல்ல சாவு." பெரியதம்பி உச்சுக் கொட்டினார். "நம்ம லீக் வழக்கத்தை உடக்கூடாது. நாளைக்கு ஃபைனல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு நிமிஷம் மவுனம். ரெண்டு டீமும் கையில கறுப்பு ரிப்பன் கட்டணும்."

"அந்த ஆளுக்கா? அவனுக்காக நான் கறுப்புக் கட்டணுமா?"

"செத்தவங்களை அவன் இவன்னு பேசாதய்யா. இஷ்டம் இல்லன்னா சொல்லு, லெட்டரைத் திருப்பித் தர்றேன்."

"கட்டறேன் சார். ரெண்டு கையிலயும் கட்டறேன்."

வளவனூர் காலர் விஷயத்துக்கு மன்னிப்புக் கடிதமும் கொடுத்தான். ஜகபர் சாதிக்கின் கடிதத்தைப் பெரியதம்பி படித்துவிட்டு, ஆடவே இல்லை என்றால் தொல்லையே இல்லை என்று அதையும் ஃபைலில் வைத்தார். தடையில்லை என்று அனுமதித் தாளில் எழுதினார். கையெழுத்துப் போடப்போனவர், பேனாவை நிறுத்தினார்.

"மொதல்ல ரிஜிஸ்டர்ல அந்தச் செயலாளர் பேருக்கு நேரா காலமானார்னு ஏறணும். அப்புறம்தான் என் கையெழுத்து. எங்க ரிஜிஸ்டர்ல ஒண்ணு எழுதினா எழுதினதுதான், அடிக்கிற வேலையே கெடையாது. தையல்நாயகி, எடுத்து எழுதும்மா. நான் போய் மவுனத்துக்கு மைக் செட்டுக்காரனுக்குச் சொல்லிட்டு வர்றேன்."

வாசலில் செண்பகம் இரண்டு தங்கச்சிகளோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டார்கள். தேவசகாயம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவள் முகத்தில் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது.

ஆபீஸ் வேலை பார்க்கிற தையல்நாயகி ரிஜிஸ்டரில் தூசி தட்டினாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். முகையூர் பக்கத்தில் நிறுத்தினாள். அவன் கடிதத்தில் விட்டிருந்த கோட்டைப் பார்த்தாள், கீழே கையெழுத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க அப்பா பேரு சவுரிராயனா?"

"ஆமாம்மா."

"முகையூர் காலனி, கெழக்குத் தெரு?"

"அது பழைய வீடு. அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப?"

"அப்பல்லாம் நீங்க கைநாட்டா?"

தேவசகாயத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆமா, கைநாட்டுதான். இப்ப கையெழுத்துப் போடறேன், பாத்த இல்ல? என் கதையை உட்டுட்டு, அந்தச் செத்துப்போன செயலாளர் பேரை ஜல்தியா எழும்மா!"

தையல்நாயகி தலை நிமிரவில்லை.

"அதைத்தாண்ணே எழுதிக்கினு இருக்கேன்."